மூணு மொட்டையும் பாடாத பாட்டும்

எங்கட ஊர்ல ஒரு பங்க் பேண்ட், அதாவது கத்திப் பாடுற பாட்டுக் கோஷ்டி, இருந்திச்சி எண்டு சொன்னா ஒருத்தரும் நம்புறாங்கல்ல. அவங்களிலயும் பிழையில்ல. அந்த பேண்ட் ஒரு மேடையிலயும் ஒரு பாட்டும் பாடினதில்ல. அதில கிட்டார் அடிச்சவனுக்குக் கிட்டார் அடிக்கத் தெரியாது. அந்தக் கிட்டார்க்காரன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனையில நாங்க சாதாரண தரச் சோதனை எழுதப்போற காலம். பங்க் எங்களுக்குக் கடல் தாண்டி வந்திச்சி, அதுவும் என்ட மாமாட அழுகைக்குப் பின்னால வந்திச்சி. மாமா டுபாயில ஒரு ஹோட்டல்ல உடுப்புக் கழுவுற வேலை. அந்தக் காலத்தில வெளிநாட்டுக்குப் போனவங்க கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டுக் கெசட்டில கதைச்சு அனுப்புவாங்க. கெசட் வந்தா வாப்பா, உம்மா, பக்கத்து ஊட்டு மாமிமார் எல்லாரும் ரேடியோவச் சுத்தி இருந்து கேப்பாங்க. மாமா அங்கயிருந்து ஸலாம் சொன்னா உம்மா இங்கயிருந்து பதில் ஸலாம் சொல்லுவா. மாமா அழுதா உம்மாவும் அழுவா.

அந்தமுறை மாமா புதுக் கெசட் வாங்கக் கஞ்சப்பட்டு, ஹோட்டல் ரூமில எந்த வெள்ளைக்காரனோ விட்டுட்டுப் போன கெசட்டிலயே கதைச்சு அனுப்பியிருக்கார். தண்ணி மாறி வயித்துக்குச் சரியில்ல, அரபிக்காரன் நல்லவன், எல்லாரும் துஆச் செய்யுங்க ராத்தா எண்டு சொல்லி முடிச்சார். அடுத்த செக்கனே டமார் டமார் எண்டு அடியும், ஒருத்தன்ட காட்டுக் கத்தலும். உம்மா நெஞ்சில கைய வச்சு, தம்பிக்கு என்னமோ நடந்துட்டு எண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிட்டா. உடுப்புக் கழுவுற மெஷினுக்குள்ள கை மாட்டியிருக்கும் எண்டு வாப்பா விளக்கம் சொன்னார். மெஷின் அவ்வளவு தாளத்தோட கைய இழுக்காது எண்டு எனக்குத்தான் விளங்கினது. ஒரு சொல்லும் புரியல்ல, ஆனா மயிர் சிலிர்த்திச்சி. அதுக்குப் பேர் பங்க் எண்டு பிறகு பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ் படிப்பிக்கிற சேர்தான் சொன்னார். இப்பிடிக் கத்துறதுக்கும் ஒருத்தன விட்டிருக்காங்களே எண்டு பொறாமையா இருந்திச்சி.

எனக்குப் பொறாமை வராத ஆள் அந்த நாளையில ஆருமில்ல எண்டும் சொல்லோணும். கிரிக்கட்டில என்னப் பந்து பொறுக்கவும் எடுக்கமாட்டாங்க. வாப்பாட ஹாட்வெயார் கடையில நிண்டா, ஆணி கேட்டவனுக்குப் பூட்டக் குடுத்து அனுப்புவன். சோத்துக்குக் கேடு, பூமிக்குப் பாரம் எண்டு வாப்பா கடைக்கு வாற போறவங்களுக்கெல்லாம் என்ன அறிமுகப்படுத்துவார். இந்த மாதிரி ஆளுக்குக் கூட்டாளி கிடைக்கிறது பாடு. கிடைச்ச ரெண்டு பேரும் டியூசன் படிக்கிற டியூட்டரியில கடைசி வாங்கில இருந்தவங்க.

ஒருத்தன் மோதினார்ட மகன். எங்கட பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவர்தான் அவன்ட வாப்பா. மற்றவன் பாண்டிருப்பான், பக்கத்துத் தமிழ் ஊர், கடற்றொழில் செய்ற குடும்பம். அந்த வருஷங்கள்ல எங்கட ஆக்களும் அவங்கட ஆக்களும் பொழுதுபட்டா ஒருத்தர் தெருவில மற்றவர் நிக்க மாட்டாங்க. அதுக்கு ரெண்டு பக்கத்திலயும் காரணம் இருந்திச்சி, அழுகையும் இருந்திச்சி. டியூட்டரி பகல்ல நடக்கிறதால எங்கட கூட்டும் பகலோட சரி.

மோதினார் மகன்ட விஷயத்த முதல்ல சொல்லிடுறன், ஏனெண்டா எல்லாக் கூத்தும் அவனுக்காகத்தான் நடந்தது. அவன் கைக்குழந்தையா இருக்கக்க வயித்தோட்டம் வந்து மௌத்தாகப் பாத்த புள்ள. புள்ள தப்பினா ஓதவச்சு ஆலிமாக்குறன் எண்டு அவன்ட வாப்பா அப்பவே நிய்யத்து வச்சிட்டார். புள்ள தப்பிட்டான். இப்ப சோதனை முடிஞ்ச கையோட அவன தூரத்தில ஒரு மத்ரஸாக்கு அனுப்ப எல்லாம் ஏற்பாடு. அவனுக்கு ஓதுறதில வெறுப்பில்ல. அவனப்போல ராகமா குர்ஆன் கிறாஅத் ஓத எங்கட பகுதியில ஆளில்ல. ஆனா அவன்ட பைத்தியம் தண்ணியில. சாகாமத்தில அவன்ட மாமாக்கு வயல் இருந்திச்சி. குளத்துத் துருசத் திறந்தா எந்த வாய்க்கால்ல எப்பத் தண்ணி வரும், எவன்ட வயல் முதல்ல நனையும் எண்டு நிண்ட நிலையில சொல்லுவான். கணிதப் பிரிவு படிச்சு நீர்ப்பாசன எஞ்சினியரா வாறதுதான் அவன்ட கனவு. அத வாப்பாட்டச் சொல்ல அவனுக்கு வாய் வரல்ல. அடிக்கிற வாப்பாவா இருந்தா எதிர்த்து நிக்கலாம். அந்த மனிசன் புள்ளைக்குக் கோபமா ஒரு சொல் சொன்னதில்ல, அதுதான் கஷ்டம்.

அப்ப நான்தான் புத்தி சொன்னன். என்ட புத்திதானே, கேக்கவா வேணும். மத்ரஸாக்குப் போகாம இருக்க ஒரே வழி, மத்ரஸாக்காரங்களே வேணாமெண்டு சொல்ற மாதிரி ஆகிறது. அதுக்கு பங்க்க விட நல்ல மருந்து ஏது? டியூட்டரிப் பிரியாவிடையில அவன் மேடையேறி அந்தக் கெசட்காரனப் போலக் கத்தோணும். பஸார் முழுக்கக் கதை பரவும். மோதினார் வெக்கப்பட்டு நிய்யத்த மறந்திடுவார். இந்தத் திட்டத்த நான் சொல்லி முடிச்சதும் ரெண்டு பேரும் என்ன மரியாதையாப் பாத்தாங்க. என்ட சீவியத்தில அது முதல் தடவை.

பங்க் ஆக்கள் எப்பிடியிருப்பாங்க எண்டு பாக்க எங்களுக்கு ஒரே ஒரு படந்தான் இருந்திச்சி. பாண்டிருப்பான்ட விஞ்ஞானக் கொப்பிக்கு உறை போட்டிருந்த வெளிநாட்டுப் புத்தகத் தாள் அது. அதில ஒருத்தன், தலையில ரெண்டு பக்கமும் வழிச்சு நடுவில மட்டும் சேவல் கொண்டை விட்டுக்கொண்டு, கிழிஞ்ச காற்சட்டையோட, காதில சேஃப்டி பின் குத்திக்கொண்டு நிண்டான். நானும் என்ட காற்சட்டைய முழங்கால்ல கிழிச்சன். காலையில எழும்பிப் பாத்தா உம்மா அதத் தெரியாத மாதிரித் தைச்சு வச்சிருக்கா. திரும்பக் கிழிச்சன். இந்தமுறை ஒட்டுத்துணி வச்சு, அதுக்கு மேல ரோசாப்பூவும் போட்டு வச்சிருந்தா. காது குத்தப் பயத்தில சேஃப்டி பின்னச் சட்டைக் கொலரில குத்தினன். ஆகமொத்தத்தில முழங்கால்ல ரோசாப்பூவோட, பொத்தான் இல்லாத ஏழைப் பொடியன் மாதிரித் திரிஞ்சன்.

கிட்டார் இங்கிலீஷ் சேர்ட ஊட்டில தூசி புடிச்சுக் கிடந்தது. அதில மூணு கம்பிதான் மிச்சம். மற்ற மூணுக்கும் பாண்டிருப்பான் தகப்பன்ட தூண்டில் தங்கூசி நூலக் கட்டித் தந்தான். தங்கூசியில சத்தம் வராது, விரல்தான் அறும். பாண்டிருப்பான் மீன் போடுற பிளாஸ்டிக் பெட்டியக் கவுத்துப் போட்டு அடிப்பான். எங்க மூணு பேரிலயும் தாளம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். கடற்கரையில அவங்கட வாடிக் கொட்டிலுக்குள்ள இருந்து பழகுவம். வலை, எஞ்சின், கருவாட்டு மணம், அதுக்குள்ள எங்கட புரட்சி.

பங்க் எண்டா ஆரையாவது எதிர்த்துப் பாடோணும் எண்டு இங்கிலீஷ் சேர் சொல்லியிருந்தார். ஆர எதிர்க்கிற எண்டதில பெரிய சிக்கல் வந்திச்சி. அரசாங்கத்த எதிர்ப்பம் எண்டா சந்திக்குச் சந்தி ஆமிக் காவல் சென்றி. காட்டில துவக்கோட இருக்கிறவங்கள எதிர்க்கிறது அதவிட மோசம். பள்ளி நிருவாகத்த எதிர்ப்பம் எண்டா மோதினார்ட சோறு அவங்கட கையில. டியூட்டரி சேர் என்ட உம்மாட சொந்தம். கடைசியில ஊட்டில நாளாந்தம் ஆக்குற பருப்புக் கறிய எதிர்த்துப் பாட்டுக் கட்டினம். அதிலயும் பாண்டிருப்பானுக்கு உடன்பாடில்ல. அவங்கட ஊட்டில விடிஞ்சா பொழுதுபட்டா மீன், அவனுக்குப் பருப்பெண்டா உசிர். மனச்சாட்சிக்கு விரோதமாத்தான் அவன் அந்தப் பெட்டிய அடிச்சான்.

இன்னொரு வில்லங்கம், பாடகன்ட குரல். அதில கரகரப்புத் துளியுமில்ல. நரம்பு புடைக்கக் கத்துடா எண்டு சொன்னா, தொண்டையத் திறப்பான், தேன் மாதிரி நீண்டு வரும். ஒருநாள் வாடிக்குள்ள இருந்து அவன் பருப்ப எதிர்த்து இழுத்த இழுவையில, வெளிய வலை தைச்சிக்கிட்டிருந்த எங்கட ஆள் ஒருத்தர் எழும்பி மண்ணத் தட்டிக்கொண்டு, பாங்கு சொல்லியாச்சா, அசருக்கு நேரமாயிட்டா தம்பி எண்டு கேட்டார். அண்டோட அவன் மனம் விட்டுட்டான். குரல் சரிவராட்டியும் தலை சரிவந்தாக் காணும், அந்தக் கொண்டையோட நீ மேடையில சும்மா நிண்டாலே போதும் எண்டு நான் தேத்தினன்.

பிரியாவிடை அண்டு காலையில வாடியில கூடினம். சலூன்ல போய்க் கேக்க ஏலாது, நாங்க வெளிய வர முந்திக் கதை ஊட்டுக்குப் போயிடும். அதால வாப்பாட சவரப் பிளேட்டும் உம்மாட கத்தரிக்கோலும் கொண்டு போயிருந்தன். முதல்ல மோதினார் மகன்ட தலை. இடப்பக்கம் வழிச்சன், நல்லா வந்திச்சி. வலப்பக்கம் வழிக்கக் கொண்டை ஒரு பக்கமாச் சாஞ்சிட்டு. அத நேராக்க இடப்பக்கம் கொஞ்சம் எடுத்தன். அப்ப மற்றப் பக்கம் சாஞ்சிட்டு. குடிகாரன் போட்ட வரம்பு மாதிரி அது அங்கயும் இங்கயும் வளைஞ்சு வளைஞ்சு, கடைசியில காதுக்கு மேல ஒரு குடுமியாப் போய் நிண்டிச்சி. பாண்டிருப்பான் கண்ணாடியக் குடுக்கமாட்டன் எண்டு ஒளிச்சு வச்சிட்டான். அந்தக் குடுமியோட அவன வெளிய விட ஏலாது. முழுசா வழிச்சு மொட்டையாக்கினன். அவன் தலையத் தடவிப் பாத்துட்டு அழத் தொடங்கிட்டான். தனிய அழவிடக் கூடாதெண்டு நாங்களும் மொட்டையடிச்சம். வீரம் எண்டா அப்பிடி ஒரு வீரம். மொட்டைக்கு ஊர்ல எத்தின கருத்து இரிக்கி எண்டு மூணு மடையனுக்கும் அந்த நேரம் யோசனை வரல்ல.

முதல் கருத்த சென்றியில நிண்ட ஆமிக்காரன் சொன்னான். பாடசாலை அடையாள அட்டையில மயிர் இருக்கு, நேர்ல இல்ல. மூணு தலையையும் மாறி மாறிப் பாத்தான். பிறகு சிரிச்சுக்கொண்டு, மற்றச் சென்றிக்காரனக் கூப்பிட்டு, சின்னப் புத்த சாதுமார் மூணு பேர் வந்திருக்காங்க எண்டு சிங்களத்தில சொல்லிக் கும்பிட்டான். கிட்டார்ப் பையத் திறந்துகூடப் பாக்கல்ல.

டியூட்டரி வாசல்ல சேர் நிண்டார். எங்களக் கண்டதும் முகம் மாறினது. ஏசப்போறார், திட்டம் பலிச்சிட்டு எண்டு நான் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டன். அவர் வந்து மோதினார் மகனக் கட்டிப் புடிச்சார். மத்ரஸாக்குப் போக முந்தியே தலை மயிர இறக்கி, துணைக்குக் கூட்டாளிமாரையும் இறக்க வச்சிருக்கானே, இவனல்லவா புள்ள எண்டு கண் கலங்கிட்டார். உடனே நிகழ்ச்சிய மாத்தி, முதல்ல இவர் கிறாஅத் ஓதுவார் எண்டு அறிவிச்சிட்டார். மைக் கையில வந்திட்டு. எதிர்ல புள்ளைகள், தாய்மார், பள்ளி ஆக்கள். அவன் என்னப் பாத்தான். நான் கூரையப் பாத்தன். அவன் ஓதினான். ஓதி முடிய எல்லாற்ற கண்ணிலயும் தண்ணி. அதுக்குப் பிறகு மேடையேறிப் பருப்புக்கு எதிராக் கத்த எவனுக்கு மனசு வரும்? கிட்டாரக் கதிரைக்குக் கீழ தள்ளிட்டு வரிசையில நிண்டு வட்டிலப்பம் திண்டம்.

பாண்டிருப்பான்ட கதி வேற. தகப்பன் உசிரோட இருக்கக்க மகன் மொட்டையடிச்சு வந்து வாசல்ல நிண்டா எந்தத் தாய்க்குத் தாங்கும்? அந்த மனிசி அகப்பையால அடிச்சுக்கொண்டே அழுதிருக்கு. நல்லகாலம் கடலுக்குப் போன தகப்பன் சுகமா வந்து சேந்தார். இவன் தப்புறத்துக்குத் தூரத்துத் திருக்கோவில் ஊர்ச் சாமிக்கு நேத்திக்கடன் எண்டு ஒரு பொய்யச் சொல்ல, சொன்ன நேத்திய, பொய்யெண்டாலும் முடிக்காட்டிச் சாமிக்குத்தமாயிடும் எண்டு தாய் அவன வெறுங்கால்ல திருக்கோவில் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனா.

மோதினார்ட ஊட்டுக்குச் செய்தி எப்பிடிப் போயிருக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல. அண்டு பொழுதுபட மஃரிபுக்கு அவர் சொன்ன பாங்கு நடுங்கினது எண்டு ஊரே கதைச்சது. தன்ட புள்ள தானா மனம் வச்சு வந்துட்டான் எண்டு அவருக்கு அப்பிடி ஒரு சந்தோசம். சனம் தொழுகைப் பாய், ஜுப்பா, தொப்பி எண்டு கொண்டு வந்து குவிச்சது. அவன் ஒவ்வொண்டையும் வாங்கி வைக்கக்க அவன்ட முகத்தப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சு. ஒரு கிழமை அந்தத் தெருப்பக்கமே போகல்ல.

சோதனை முடிஞ்சு, மத்ரஸாவில ஓதிக்குடுக்கிற ஹஸ்ரத் வேனோட வந்த அண்டு போகாம இருக்க ஏலாது, வாப்பா கையோட கூட்டிப் போயிட்டார். மோதினார்ட ஊட்டு வாசல்ல பள்ளி ஆக்கள் எல்லாரும் நிண்டாங்க. பெட்டிய வேனுக்கு மேல ஏத்திக் கட்டியாச்சு. பாண்டிருப்பானும் ஒரு தொப்பியப் போட்டுக்கொண்டு வேலியோரம் நிண்டான். மோதினார் புதுச் சாரனோட, மகன்ட கையப் புடிச்சுக்கொண்டு வந்து, ஏறு மனெ எண்டார்.

அவன் ஏறல்ல. தலையக் குனிஞ்சுகொண்டு நிண்டான். பிறகு தலையத் தூக்கி வாப்பாட முகத்தப் பாத்துச் சொன்னான்.

“வாப்பா, எனக்குப் போக விருப்பமில்ல. நான் எஞ்சினியருக்குப் படிக்கப் போறன்.”

கத்தல்ல. பக்கத்தில நிக்கிறவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரித்தான் சொன்னான். மோதினார் அவன்ட முள்ளு முள்ளா முளைச்ச மொட்டைத் தலையில கைய வச்சு, அப்ப இத ஏன் இறக்கினாய் எண்டு கேட்டார். அவன் என்னக் கைகாட்டினான். அவர் என்னப் பாத்தார், ஊரும் என்னப் பாத்தது. என்ட வாப்பாவும் பாத்தார்.

“நிய்யத்து வச்சது நான் மனெ. நீயில்ல” எண்டார் மோதினார். சொல்லிட்டு அவரே வேனில ஏறிப் பெட்டிட கயித்த அவுக்கத் தொடங்கினார். முடிச்சு அவுளல்ல, ஹஸ்ரத் உதவிக்குப் போனார். மகன் வாய்விட்டு அழுதான். எனக்கும் அழுகை வந்திச்சி. மாதக்கணக்கா வாடிக்குள்ள இருந்து கெசட்டத் தேய்ச்சு, விரல அறுத்து, மூணு தலைய வழிச்சு நான் செய்யப் பாத்த வேலைய அவன் ரெண்டு வசனத்தில முடிச்சிட்டான். சந்தோசத்தோட எரிச்சலும் வந்திச்சி, மறைக்கத் தேவையில்ல.

அப்பதான் என்ட வாப்பா தொண்டையச் செருமினார்.

“பெட்டி கட்டிக் கிடக்கு. வேனும் வந்து நிக்கி. இவன்ட தலயும் வழிச்சுத்தான் கிடக்கு. ஹஸ்ரத், இவன ஏத்துங்க.”

பகிடி எண்டுதான் முதல்ல நினைச்சன். சனம் அல்ஹம்துலில்லாஹ் எண்டிச்சி. வந்த வேன் வெறுமனே போகக் கூடாது எண்டு ஒருத்தர் சொன்னார். மோதினார் கயித்த அவுக்கிறத விட்டுட்டு, ஜுப்பாவும் இவனுக்கு அளவாத்தான் இருக்கும் எண்டார். அவர்ட முகத்தில ஒரு வெளிச்சம் வந்ததக் கண்டன், ஆற்ற புள்ளயெண்டாலும் ஒரு புள்ள போகுதே எண்டு. வேலியோரம் பாண்டிருப்பான் தலையில கைய வச்சிட்டான். மோதினார் மகன் கண்ணத் துடைச்சிட்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டான். சொல்லுடா எண்டு அவன்ட கண் சொல்லிச்சி. சொல்ல வேண்டிய வசனத்தையும் அவன் இப்பதான் எல்லாருக்கும் முன்னால சொல்லிக் காட்டியிருக்கான், நான் புதுசா ஒண்டும் கண்டுபுடிக்கத் தேவையில்ல. நான் வாப்பாவப் பாத்தன். என்னப் பாத்து அவர் அப்பிடிப் பெருமையா நிண்டத நான் அதுக்கு முந்திக் கண்டதில்ல. உம்மாக்கு ஆள் அனுப்பியாச்சு, சாரன் ரெண்டும் மாத்துச் சட்டையும் வந்து சேந்திச்சி. ஏறிட்டன்.

காரைதீவுச் சந்தி தாண்டினாப் புறகு ஹஸ்ரத் வேன நிப்பாட்டச் சொன்னார். நல்ல மனிசன். பின்னால திரும்பி, என்ட தோள்ல கைய வச்சார்.

“மகன், நீங்க விருப்பத்தோடதானே வாறீங்க? இல்லாட்டிச் சொல்லுங்க. இப்பவே வேனத் திருப்பலாம்.”

ட்ரைவரும் கைய ஸ்டியரிங்கில வச்சுக்கொண்டு பாத்திருந்தான்.

“ஓம் ஹஸ்ரத்” எண்டன். “விருப்பந்தான்.”